நாலாவது தட்டு

எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற யாரும் எங்கள் கம்பெனிப் பாக்கெட்டைக் கடையில் வாங்க மாட்டோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தின்பண்டம் செய்கிற எந்தக் கம்பெனியில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நாள் முழுக்க அந்த வாசனையில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் அதையே வாங்கித் தின்ன எங்களுக்கு என்ன கிறுக்கா? "எங்க ஊட்ல பாக்கெட் ஐட்டமே கெடயாது" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

நான் இருப்பது மசாலா கலக்கும் பிரிவில். சிப்ஸ் மேல் தூவுகிற பொடி, நூடுல்ஸுக்குள் குட்டிக் கவரில் போடுகிற பொடி, எல்லாம் எங்கள் கையில்தான் உருவாகும். ஆள் உயர டிரம்முக்குள் மூட்டை மூட்டையாகக் கொட்டி, மூடி, சுற்றவிட வேண்டும். பதினாறு வருஷமாக அதே டிரம், அதே நான். தக்காளி ருசி முடிந்து புதினா ருசி ஆரம்பிப்பதற்கு முன் டிரம்மைச் சுத்தமாக வழித்தாக வேண்டும். வழித்து எடுத்ததைப் பாக்கெட்டில் அடைக்கக்கூடாது, அது விதி. கொட்டிவிடவோ யாருக்கும் மனசு வராது. அதனால் சூப்பர்வைசரே ஆளுக்கு ஒரு வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுத்து, சீட்டும் எழுதித் தருவார். கேட்டில் சீட்டைக் காட்டிவிட்டு எடுத்துப் போகலாம். எங்களுக்குள் அதற்கு 'வழிச்ச பொடி' என்று பெயர்.

அந்தப் பொடியால்தான் எங்கள் தெருவில் என் குழம்புக்கு ஒரு மரியாதை இருந்தது. அடுப்பில் கொதி வந்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். "அக்கா, உன் கைல இன்னாக்கா வெச்சிக்கினு கீற?" என்று கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வருவார்கள். நான் ரகசியத்தைச் சொன்னதே இல்லை. டப்பாவில் கொட்டி, மிளகாய்த்தூளுக்கும் தனியாத்தூளுக்கும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அட்டை இல்லை, படம் இல்லை, பெயர் இல்லை. என் கையால் கலந்தது, என் கையால் வழித்தது. அதைப் பாக்கெட் ஐட்டம் என்று எவளாவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

என் வீட்டுக்காரர் இரும்பு உருட்டாலையில் உலைப்பக்கம் நின்றவர். அங்கே தண்ணீர் குடிக்கப் போனால் வேலை நின்றுவிடும் என்று குடிக்காமலேயே இருந்துவிடுவார். உடம்பு வலிக்கு மருந்துக்கடை மாத்திரை. பிரஷர் வேறு எத்தனை வருஷமாக இருந்ததோ தெரியாது. ஒருநாள் கால் வீங்கி, செருப்பு நுழையாமல் வந்து நின்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார்கள். டாக்டர் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. "சாப்பாட்ட ஒழுங்கா வெச்சிக்கிட்டா மிச்சம் இருக்கறத வெச்சே பல வருஷம் ஓட்டலாம். விட்டுட்டீங்கன்னா டயாலிசிஸ்தான்" என்றார். சாப்பாடு என்றால் யார் பொறுப்பு? நான்தானே. இந்த மனுஷனை மிஷினில் படுக்க விடமாட்டேன் என்று அன்றைக்கே மனசுக்குள் சபதம் போட்டேன்.

உப்பு டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் காட்டிய அளவுக்கு ஒரு குட்டி ஸ்பூன் வாங்கி, அதைத் தாண்டி ஒரு கல் உப்பு விழாமல் பார்த்துக்கொண்டேன். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அக்கம்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மசாலாவும் வேண்டாமே என்று பொடி டப்பாவைக்கூடக் கொஞ்ச நாள் திறக்கவில்லை. காயை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும் என்றார்கள், அப்படியே செய்தேன். ஷிப்டுக்கு முன்னால் இவ்வளவையும் செய்ய விடியற்காலையிலேயே எழ வேண்டியிருந்தது. அலுத்துக்கொள்ளவில்லை. அவர்தான் பாவம், தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எதையும் குறை சொல்லாத மனுஷன், ஒருநாள் தாங்காமல் சொல்லிவிட்டார்.

"சக்கையத் துன்ற மாதிரி கீதுமே."

அன்றைக்குப் பொரியலில் வழிச்ச பொடியை அரை ஸ்பூன் தூவினேன். மசாலாதானே, உப்பு இல்லையே என்று தைரியம். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறுநாள் ஒரு ஸ்பூன். பிறகு குழம்புக்கு ரெண்டு, ரசத்துக்கு ஒன்று. காயிலிருந்து சத்தும் ருசியும் போகப் போக, பொடி ஏறிக்கொண்டே போனது.

"உப்பே இல்லாம எப்டிமே இவ்ளோ ருசியா ஆக்குற?" என்று கேட்டார். எனக்கு வாயெல்லாம் பல். "அதுக்கெல்லாம் கை வேணும்யா" என்றேன். சொன்ன வாயை இப்போது நினைத்தால் எரிகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குத் திருவள்ளூர் போவோம். பெரியபாளையத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். முதல் தடவை சிறுநீரகத்துக்குப் பார்க்கிற நம்பர் கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த தடவை இன்னும். கால் வீக்கம் வடியவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்ல நீங்க சரியாத்தான் செய்யறீங்க. வெளிய ஏதோ சாப்புடறாரு, பாருங்க" என்றார். போதாதா எனக்கு? பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டேன்.

"யோவ், உண்மையச் சொல்லு. கேட்டு டீக்கடைல இன்னா துன்ற?"

"டீதான்மே. சக்கர இல்லாம அர டீ."

"பஜ்ஜி?"

"தொட்டதே இல்ல."

நம்பவில்லை. உலையை விட்டு அவரை வாட்ச்மேன் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். டீக்கடை கேட்டுக்கு நேர் எதிரே. நாள் முழுக்க எண்ணெய் வாசனையில் உட்கார்ந்திருக்கிற ஆள் சும்மா இருப்பாரா என்று என் புத்தி. ஒருநாள் ஷிப்டு முடிந்து நேராகப் போய் டீ மாஸ்டரைப் பிடித்தேன். நாலு பேர் நிற்கும்போதே, "என் தாலிய அறுக்காதண்ணே, இனிமே இவருக்குப் பஜ்ஜி போண்டா குடுக்காத" என்று கத்தினேன். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சத்தியமா அவரு அதெல்லாம் கேட்டதே இல்லம்மா" என்றார். ரெண்டு பேரும் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தெரு நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருக்கிற எங்கள் ஒரே பெண்ணின் மேல் சத்தியம் பண்ணினார். அதற்கும் நான் மசியவில்லை. பெற்ற பெண் மேல் பொய்ச் சத்தியம் பண்ணுகிறாயே என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினேன். பத்து நாள் பேசவில்லை. ஆனால் சமைத்துப் போட்டேன். ருசியாகவே சமைத்துப் போட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி போனபோது, உணவு ஆலோசனை சொல்கிற ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். நோயாளிகள் எல்லாம் 'சாப்பாட்டு மேடம்' என்பார்கள். மகள் வயசுதான் இருக்கும். அறிவுரை எதுவும் சொல்லாமல், "அடுத்த தடவ வரும்போது உங்க சமையல் ரூம்ல இருக்கற எல்லாத்துலயும் ஒரு சிட்டிக, ஒரு துண்டு எடுத்துட்டு வாங்கம்மா" என்றாள். சரியான பேஜாரு என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கட்டினேன். அரிசி, பருப்பு, புளி, வெல்லம், எண்ணெய், காய், தூள் என்று குட்டிக் குட்டிக் கவராக ஒரு கூடை சேர்ந்தது.

மேஜை மேல் நாலு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் காகிதத்தில் எண். "ஒண்ணு, நெலத்துல, மரத்துல, மாட்டுல இருந்து வந்தபடியே இருக்கறது. அரிசி, காய், முட்ட, பால். தூளா அரைச்சாலும் காய வெச்சாலும் பரவால்ல, வேற எதுவும் சேரக்கூடாது. ரெண்டு, அதுல இருந்து பிழிஞ்சு, காய்ச்சி எடுத்தது. எண்ணெய், வெல்லம், உப்பு. மூணு, ஒண்ணையும் ரெண்டையும் சேத்து செஞ்சு வெக்கறது. ஊறுகா, கருவாடு மாதிரி. நாலு, உங்க அடுப்புல எவ்ளோ முட்டிக்கிட்டாலும் செய்ய முடியாதது. கம்பெனி மிஷின்லதான் வரும். பிரிச்சுப் பாத்தா உங்க அஞ்சறைப்பெட்டியில இல்லாத பேரா இருக்கும். நீங்களே எடுத்து வைங்கம்மா, நான் சொல்ல மாட்டேன்."

விறுவிறுவென்று வைத்தேன். கருவாடு இப்போது வீட்டில் இல்லை என்றாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "கடல்ல வந்தபடியே இருக்கறதுதானே மேடம், அது எப்டி மூணு?" என்று வம்புக்குப் போனேன். "உப்பு போட்டீங்கள்லம்மா" என்று சிரித்தாள். கூடை காலியானது. முதல் தட்டு நிறைந்திருந்தது, ரெண்டில் நாலைந்து, மூன்றில் ஒன்றோ ரெண்டோ. நாலாவது தட்டு சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. பாத்தியா என் வீட்டை என்கிற மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் பெருமையாகத்தான் பார்த்தார்.

அந்தப் பெண் முதல் தட்டில் மிளகாய்த்தூள் பக்கத்திலிருந்த கவரைப் பிரித்து மோந்து பார்த்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது வீட்ல அரைச்சதாம்மா?"

"இல்ல மேடம், நானே கலந்தது. எங்க கம்பெனி பொடி."

"என்னென்ன போடுவீங்க?"

புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அந்த வரிசையைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்ல ஆரம்பித்தேன்.

"மொதல்ல உப்பு மேடம், நாலு மூட்ட. அப்புறம் வெள்ளப் பவுடர் மூணு மூட்ட, அது ருசிக்கு இல்ல, எடைக்கு. சர்க்கர ஒன்றர. அப்புறம் ருசி உப்பு..."

அங்கேயே என் நாக்கு ஒட்டிக்கொண்டது. நிறுத்தவும் தெரியாமல் மேலே சொன்னேன். "கட்டி புடிக்காம இருக்க ஒரு பவுடர். புளிப்புக்கு ஒண்ணு. கலருக்கு ஒண்ணு. வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி. கடசீல மொளகாத்தூள் ஒரு பக்கெட்டு. தனியா அர பக்கெட்டு."

பதினாறு வருஷம் என் தோளில் சுமந்து கொட்டிய உப்பு. மூட்டையைப் பிரிக்கும்போது கண்ணில் அடித்து எரியும், உதட்டில் கரிக்கும். வீட்டில் குட்டி ஸ்பூனை வைத்துக்கொண்டு ஒரு கல்லுக்குக் கணக்குப் பார்த்த அதே கை, டப்பாவைத் திறந்து அதே உப்பை ஸ்பூன் ஸ்பூனாக அவர் தட்டில் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? என்னைவிட அது யாருக்குத் தெரியும்?

அந்தப் பெண் கவரை எடுத்து நாலாவது தட்டில் வைத்தாள். "ஒரு நாளைக்கு எவ்ளோம்மா போடுவீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"அத்த எப்பனா ஒருநாளு ஒரு சிட்டிக போடுவாம்மா. அதுல ஒண்ணும் இல்ல. நான்தான் டீக்கடைல பஜ்ஜி போண்டான்னு டெய்லி துன்னுக்கினு இருந்தேன். இவளுக்குத் தெரியாம."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வாயில் பொய் வந்து நான் கேட்டதில்லை. ஆறு மாதமாக நான் அடித்துக் கேட்டும் ஒத்துக்கொள்ளாததை, கேட்காத ஒருத்தியிடம் தானாகச் சொன்னார். அந்தப் பெண் முகம் மாறிவிட்டது. "இவங்க இவ்ளோ கஷ்டப்பட்டு செய்யறாங்க, நீங்க இப்டி பண்ணலாமா? சின்னப் புள்ளயா நீங்க?" என்று அவரைக் காய்ச்சி எடுத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்மா" என்றார். ஃபைலில் அதை எழுதினாள்.

நான் பேசவில்லை. அப்போது எனக்குள் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. தப்பித்தோம் என்கிற நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பஸ்ஸில் பெரியபாளையம் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எதுக்குய்யா பொய் சொன்ன?"

"அந்த நேரத்துல உன் மூஞ்சப் பாக்க முடியலமே. கம்முனு வா."

என்னை நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அடிக்கிற ஆளும் இல்லை. வீட்டுக்கு வந்து டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அன்றைக்குப் பொரியல் வெறும் வெங்காயமும் கறிவேப்பிலையும்தான். தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். கம்பெனியில் கவரை வேண்டாம் என்று சொன்னதும், கூட வேலை செய்கிற பெண்கள் விடவில்லை. "ஒரு ஸ்பூன்ல இன்னாக்கா ஆவப்போது?" என்று சிரித்தார்கள். நானும் அவர்களிடம் மூட்டைக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். அதே வரிசை அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கவரை வாங்கிப் பையில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ரெண்டு பரிசோதனையிலும் நம்பர் ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்து, மிஷின் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்து, டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், சாப்பாடு சரியாக இருந்திருந்தால் இது வந்திருக்காதா என்று. "வந்திருக்கும். கொஞ்சம் பின்னாடி வந்திருக்கும்" என்றார். எவ்வளவு பின்னாடி என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றார். ஒரு வருஷமோ, அஞ்சு வருஷமோ. அந்த வருஷங்களைத்தான் நான் எங்கே தேடுவேன்?

வாரத்துக்கு ரெண்டு நாள் மிஷின். கும்மிடிப்பூண்டியிலிருந்து அலைய முடியாது என்று பெண் அவரைத் திருநின்றவூருக்கே அழைத்துப் போய்விட்டாள். அங்கிருந்து மின்சார ரயிலில் ஏறினால் செவ்வாப்பேட்டை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திருவள்ளூர். நான் வேலையை விட முடியாது. அவர் மருந்தே அதில்தான் ஓடுகிறது. அதனால் இப்போது அவருக்குச் சமைப்பது என் பெண். லீவு கிடைக்கிற நாளில் நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். மிஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

டாக்டர்கள் அங்கே மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் புதிதாக வந்தாலும் ஃபைலைப் புரட்டி, அந்த இடம் வந்ததும் நின்றுவிடுவார்கள். "வெளி எண்ணெய்ப் பலகாரமா? அதான் இங்க கொண்டாந்து படுக்க வெச்சிருக்கு" என்று ஒருத்தர். "பஜ்ஜிக்காகக் கிட்னியக் குடுத்துட்டீங்களேய்யா" என்று இன்னொருத்தர், பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிக்க. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன்.

போன மாதம் ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தார். ஃபைலைப் படித்துவிட்டு, நல்ல மனசோடுதான் கேட்டார். "இப்ப அதெல்லாம் விட்டுட்டீங்களா?"

"உட்டுட்டேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "சத்தியமா உட்டுட்டேன்."

அந்தச் சத்தியம் என் காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். "சார், அவரு உடல. உடறதுக்கு அவரு துன்னாத்தானே?" என்றேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வழிச்ச பொடி, ஸ்பூன் கணக்கு, நாலு மூட்டை உப்பு, டீக்கடையில் நான் போட்ட கூச்சல், இவர் சொன்ன பொய், நான் வாயை மூடிக்கொண்டது. குரல் கொஞ்சம் பெரிசாகத்தான் வந்திருக்கும். மருந்து மாற்றிக்கொண்டிருந்த நர்ஸும் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "இங்க என்னம்மா எழுதறது?" என்று கேட்டார்.

"பொண்டாட்டி போட்ட பொடின்னு எழுதுங்க சார்."

அவர் இங்கிலீஷில் என்னவோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது என்பதால் முழுதாகத் திரும்ப முடியவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"இன்னாத்துக்குமே சொன்ன? இனிமே வர்றவங்கெல்லாம் உன்னத் திட்டுவாங்களே."

"திட்டட்டும்யா" என்றேன்.